ஆந்தைக்கு ஒரு பொட்டு

"மாமா, இதை ஒருத்தராலையும் வாசிக்க ஏலாது" என்றாள் கம்சனா.

கராஜின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, பொன்னிறத் தூணை அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். படிப்பது மூன்றாம் வகுப்பு. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால், கட்டடம் சோதிக்க வருகிற நகரசபை அதிகாரியும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்.

தபோதரன் தூரிகையைக் கீழே வைத்தான். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் தமிழர் வீட்டில் கல்யாணமோ, பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடோ, பிறந்தநாளோ எது நடந்தாலும் மேடை அலங்காரம் அவன்தான். யானை, மயில், அன்னம், தூண் எல்லாவற்றையும் ரெஜிபோமில் வெட்டிப் பொன்நிறம் பூசி நிறுத்திவிடுவான். தொலைக்காட்சி உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிற அந்த வெள்ளை நுரைப்பலகைதான் ரெஜிபோம். அவன் கைபட்டால் அது அரண்மனையாகிவிடும். தூண் கோணல் என்று குறை சொன்னவர்கள் உண்டு, நிறம் போதாது என்று சொன்னவர்கள் உண்டு. தூணை வாசிக்க முடியவில்லை என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

"வாசிக்கிறதுக்கு இதிலை என்ன பிள்ளை இருக்கு? இது எகிப்துத் தூண். சும்மா வடிவுக்குக் கீறினது."

கம்சனா விரலால் தொட்டுக் காட்டினாள். "கண், கால், பாம்பு. பிறகும் கண், கால், பாம்பு. கீழையும் அதுதான். ஆரோ 'பபப பபப' எண்டு எழுதி வைச்ச மாதிரி இருக்கு."

அவள் சொல்லச் சொல்லத்தான் சங்கதியின் கனம் தபோதரனுக்கு விளங்கத் தொடங்கியது. அவளும் அவனுடைய மகள் மிதுசாவும் ஒரே வகுப்பு. போன மாதம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஹைரோகிளிஃப் என்கிற பழைய எகிப்தியரின் பட எழுத்தைப் படிப்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமை மிதுசாவின் பிறந்தநாளுக்கு வரப்போவது முழு வகுப்பும். அத்தனை பேருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியும். போதாததற்கு, மிதுசாவின் அப்பா அவளுடைய பெயரையே எகிப்திய எழுத்தில் மேடையில் வைக்கப்போகிறார் என்று கம்சனா வகுப்பில் எழும்பிச் சொல்லியும் விட்டாளாம்.

"நான் எப்ப பிள்ளை அப்பிடிச் சொன்னனான்?"

"நீங்கள் சொல்லேல்லை. ஆனா எகிப்து மேடை எண்டால் பேர் இருக்கும்தானே?"

கவிழ்த்து வைத்த வாளியின்மேல் மிதுசா உட்கார்ந்திருந்தாள். நீளக் கழுத்து டைனோசர் ஒன்று அச்சடித்த, அந்தக் கிழமை முழுவதும் கழற்றாமல் போட்டுத் திரிந்த சட்டை. கராஜ் பூட்டின் திறப்பை விரலில் கொழுவிச் சுழற்றிக்கொண்டிருந்தாள். தகப்பனின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அப்பா, எனக்கு இது காணும்" என்றாள்.

காணும், இதுவே போதும் என்று பிள்ளை சொன்னால் தகப்பனுக்குக் காணாமல் போய்விடும். அதுவும் தபோதரனுக்கு. அவனுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு அதிர்ஷ்டம்தான் உண்டு. மகளுக்குப் பிறந்தநாள் வருகிறபோது அவள் எதற்கு ஆசைப்படுகிறாளோ, அது அவனுடைய கராஜில் ஏற்கெனவே வந்து கிடக்கும். ஐந்து வயதில் மயில் வேண்டும் என்றாள்; கல்யாண மயில்கள் சும்மா நின்றன. அடுத்த வருடம் கடலுக்கடி என்றாள். யாருடையதோ சாமத்தியவீட்டுச் சிப்பிக் கதிரை அந்தக் கிழமைதான் திரும்பி வந்திருந்தது. போன வருடம் பாரிஸ் கோபுரம் கேட்டாள்; அதுவும் மூலையில் சாய்ந்து நின்றது.

இந்த வருடம் பக்கத்து ஊரான ஹாகனில் ஒரு குடும்பம் எகிப்து மேடை வேண்டும் என்று சொல்லி, தூணும் சிங்காசனமும் பிரமிட்டும் செய்து முடிந்த பிறகு மனம் மாறி விண்வெளிக்குப் போய்விட்டது. இந்தப் பிரமிட்டை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று தபோதரன் தலையைச் சொறிந்துகொண்டிருந்த நேரம், இடியப்பத்தைப் பிசைந்தபடி மிதுசா, "அப்பா, எனக்கு இந்தமுறை எகிப்து" என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் புதிது, சொந்தப் பிள்ளைக்கு மட்டும் மிச்சம் என்று மனைவி பிரபாலினி குத்திக்காட்டுவாள். அவனிடம் பதில் தயாராக இருக்கும். "மிச்சமோ? அவள் வாய்திறந்து கேட்டதைத்தானே நான் குடுக்கிறன்." அது உண்மை என்பதால் பிரபாலினியும் அதற்குமேல் பேசுவதில்லை.

ஆகவே, மகள் வாய்திறந்து கேட்ட எகிப்து அவளுடைய வகுப்பின் முன்னால் 'பபப' என்று நிற்கக்கூடாது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவேண்டும். பெயர் சரியாக இருந்தே ஆகவேண்டும் என்று தபோதரன் முடிவு செய்தான்.

"சரி, மிதுசா எண்டு எப்பிடி எழுதுறது? ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கீறினால் காணாதோ?"

கம்சனா பெருமூச்சு விட்டாள். எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைப்பார்கள் என்கிற மாதிரியான பெருமூச்சு. பிறகு அவனுடைய வெண்கட்டியை எடுத்துக்கொண்டு சீமெந்து நிலத்தில் குந்தினாள்.

"படத்தைக் கண்டால் அந்தச் சாமான் எண்டு நினைக்கக் கூடாது மாமா. சில படம் சத்தம். சில படம் சாமான். சில படம் வாயே திறக்காது."

முதலில் ஓர் ஆந்தையைக் கீறினாள். அது ஆந்தை இல்லை, 'ம்' என்கிற சத்தம். பக்கத்தில் ஒரு நாணல் இலை, அது 'இ'. பிறகு பாதிப் பாண், அது 'த்'. சாப்பிடுகிற பாணா என்று தபோதரன் கேட்டான். சாப்பிடுகிற பாண்தான், ஆனால் இங்கே அதன் வேலை 'த்' என்று சொல்வது என்றாள். மெய்யான பாணையே சொல்லவேண்டும் என்றால் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போடவேண்டுமாம். அதற்குப் பிறகு காடைக்குஞ்சு, அது 'உ'. மடித்த துணி, அது 'ஸ்'. கடைசியில் ஒரு கழுகு, அது 'ஆ'. எகிப்தியர்கள் அ, இ, உ போன்றவற்றைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லையாம். வாசிக்கிறவர் தானே போட்டு வாசிக்கவேண்டும். ஆனால் வெளியூர்ப் பெயர் வந்துவிட்டால் அது வாயில் நுழையாது என்று கிட்டத்தட்டச் சத்தம் வருகிற படங்களை இடையில் போட்டுவிடுவார்களாம். மிதுசா எகிப்துக்கு வெளியூர்தானே என்றாள் கம்சனா.

"உதெல்லாம் ஆர் உனக்குச் சொன்னது?"

"ரீச்சர்" என்று எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டாள்.

மறுநாள் தபோதரன் ஆறு படங்களையும் ஆளுயரத்தில் பாதிக்கு வெட்டினான். அவசரத்தில் ஒரு தவறு நடந்தது. இரும்புக்குப் பூசுகிற பொன்நிற ஸ்பிரேயைக் கழுகின்மேல் அடித்துவிட்டான். அந்த மருந்து பட்டால் ரெஜிபோம் கரைந்துவிடும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். கழுகின் கழுத்து அவன் கண்முன்னாலேயே உருகி, முன்பு கொஞ்சம் கௌரவமாக இருந்த பறவை இப்போது பிணத்தின்மேலிருந்து எழும்பி வந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் ஆந்தை விழித்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் அவனுடைய அக்கா ஞானமலர் கராஜுக்குள் வந்தாள்.

ஞானமலர் அடுத்த தெருவில் இருக்கிறாள். நல்ல காரியம் எதுவாக இருந்தாலும், ஆராத்தித் தட்டு எத்தனை, விளக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான் சட்டம். வாசலில் நின்றபடியே அவள் நெஞ்சில் கைவைத்தாள்.

"நல்ல நாளிலை பிள்ளையின்ரை தலைக்கு மேலை ஆந்தையோ தம்பி?"

"அது ஆந்தை இல்லை அக்கா. அது 'ம்'."

"அப்ப அந்தப் பக்கம் நிக்கிற பிணந்தின்னி?"

"அது 'ஆ'."

ஞானமலர் தம்பியை உற்றுப் பார்த்தாள். வேலை கூடிப்போய் மண்டையில் ஏதும் தட்டிவிட்டதோ என்று பயந்தவள் போல, குரலைத் தணித்துப் புத்தி சொன்னாள். 'ம்' வேண்டுமென்றால் மாம்பழத்தை வைக்கலாம், 'ஆ'வுக்கு ஆடு இருக்கிறது, நாங்கள் எல்லாரும் அப்படித்தானே படித்தோம் என்றாள். இது எகிப்து எழுத்து, அரிவரிப் புத்தகம் இல்லை என்று தபோதரன் விளங்கப்படுத்திப் பார்த்தான். எகிப்திலும் ஆந்தை அலறினால் நல்லதில்லை என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அக்காவின் சொல்லைத் தட்டி இந்த ஊரில் அவனால் ஒரு மேடையும் போட முடியாது. யோசித்தான். பறவைக்குப் பறவைதானே என்று தோன்றியது. ஆந்தையையும் கழுகையும் கராஜிலேயே விட்டுவிட்டு, கல்யாண மயில் ஒன்றையும் வரவேற்பு அன்னம் ஒன்றையும் தன் வான் வண்டியில் ஏற்றினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் மேடை எழும்பிக்கொண்டிருந்தபோது பிரபாலினி பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கூட்டிக்கொண்டு வந்தாள். கம்சனா மேடையின் முன்னால் நின்று ஒவ்வொரு படமாக வாயசைத்தாள். முதல் படத்திலேயே நின்றுவிட்டாள்.

"மயிலுக்குச் சத்தம் இல்லை மாமா. அது இந்த எழுத்திலேயே இல்லை. இப்ப உங்கடை மகளின்ரை பேருக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை."

"எனக்கு மயில் பிடிக்கும் அப்பா, பரவாயில்லை" என்றாள் மிதுசா.

தபோதரன் வானை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், ஆந்தையையும் கழுகையும் கொண்டுவந்தான். கழுகின் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி ஒட்டியிருந்தான். அக்காவை நாளைக்குச் சமாளித்துக்கொள்ளலாம், இன்றைக்கு எழுத்துச் சரியாக வரட்டும் என்று நினைத்தான். ஆறு படமும் சிங்காசனத்துக்கு மேலே வளைவாக ஏறின. பறவைகள் மூன்றும் இடப்பக்கம் திரும்பி நின்றன.

அப்போது வீடியோக்காரன் சிறீதரன் வெளிச்சம் பார்க்க வந்தான். கமெராவுக்குள் ஒரு கண்ணை வைத்தவன், மற்றக் கண்ணால் தபோதரனைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அண்ணை, கதிரை நடுவிலை. ஆந்தை பிள்ளைக்குக் குண்டியைக் காட்டிக்கொண்டு நிக்குது. வீடியோவிலை இதுதான் முதலிலை தெரியும். மணவறையிலை யானையை இப்பிடியோ வைப்பீங்கள்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மணவறை யானைகள் எப்போதும் நடுவைப் பார்த்து, ஒன்றையொன்று பார்த்துத்தான் நிற்கும். தபோதரன் ஏணியில் ஏறி, இடப்பக்கத்து ஆந்தையை மறுபக்கம் திருப்பினான். திருப்பினால் பின்பக்கம் வெறும் வெள்ளை. அதற்கும் பொன்நிறம் பூசவேண்டியிருந்தது. பூசி முடித்து இறங்கியபோது கம்சனா கீழே காத்து நின்றாள்.

"இப்ப ஆந்தை அந்தப் பக்கம் போகச் சொல்லுது, கழுகு இந்தப் பக்கம் போகச் சொல்லுது" என்றாள். "வாசிக்கிற ஆள் எங்கை போறது?"

எகிப்து எழுத்தை இடமிருந்து வலமாகவும் எழுதலாம், வலமிருந்து இடமாகவும் எழுதலாம் என்று அவள் சொன்னாள். எந்தப் பக்கம் தொடங்கவேண்டும் என்பதை முகங்கள்தான் சொல்லும். பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி அவர்களுக்கு எதிரே நடந்து வரவேண்டும். தெருவில் ஆளைக் கண்டால் முகத்துக்கு நேரே போய்த்தானே வணக்கம் சொல்வோம், முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வதில்லையே என்றாள். இதையும் ரீச்சர்தான் சொன்னாராம்.

தபோதரன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். சரியாக வாசித்தால் வீடியோவில் பிழை, வீடியோவுக்குச் சரிசெய்தால் எழுத்துப் பிழை. மயில் வைத்தால் கம்சனா விடமாட்டாள், ஆந்தை வைத்தால் அக்கா விடமாட்டாள். யானை தூக்கி வைத்த கையால் ஒரு பிள்ளையின் பெயரைத் தூக்கி வைக்க முடியவில்லையே என்று அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மிதுசா வந்து அவனுடைய முழங்காலில் கையை வைத்தாள்.

"கதிரையைத் தள்ளினால் என்னப்பா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். எல்லாப் பறவையும் எழுத்துத் தொடங்குகிற பக்கத்தைத்தான் பார்க்கும். அந்தத் தொடக்கத்தில் சிங்காசனத்தைப் போட்டால் எல்லாப் பறவையும் பிள்ளையைத்தான் பார்க்கும். பறவைகளோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியவனுக்குக் கதிரைக்குக் கால் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. ஆந்தை பழையபடி இடப்பக்கம் திரும்பியது, சிங்காசனம் இடப்பக்க ஓரத்துக்குப் போனது. சிறீதரன் கமெராவுக்குள் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான்.

அந்த நிம்மதி ஆராத்தித் தட்டுகளோடு ஞானமலர் உள்ளே வரும்வரைதான். அவள் கண்ணுக்கு முதலில் பட்டது ஆந்தை அல்ல.

"ஆறு படமோ தம்பி? நல்ல காரியத்துக்கு ஆரும் இரட்டைப்படையிலை வைப்பினமோ?"

எழுத்தில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ ஏலாது என்று சொல்ல தபோதரன் வாயெடுப்பதற்குள் கம்சனா துள்ளி எழும்பினாள். ஒன்று குறையத்தான் செய்கிறது, நான்தான் மறந்துவிட்டேன் என்றாள். பெண்ணின் பெயர் என்றால் கடைசியில் குந்தியிருக்கிற ஒரு பெண்ணைக் கீறவேண்டும். அதுதான் வாயே திறக்காத வகை. அதை வாசிக்கக் கூடாது. இவ்வளவு நேரமும் வாசித்தது ஒரு பெண்ணின் பெயர் என்று அது கண்ணுக்குச் சொல்லும். சொற்களுக்கு இடையில் இடைவெளி விடாத எழுத்தில், ஒரு சொல் முடிந்தது என்றும் அதுதான் காட்டிக்கொடுக்குமாம்.

ஏழாவது படம் வரப்போகிறது என்றதும் ஞானமலருக்கு மனம் குளிர்ந்தது. தபோதரன் மிச்ச ரெஜிபோமை எடுத்துக்கொண்டு, அக்காவையே பக்கவாட்டில் குந்தவைத்து அந்தப் பெண்ணைக் கீறினான். அவள் கழுத்தை நிமிர்த்தி, அசையாமல், மிகவும் ராசகளையோடு இருந்தாள். அப்படி இருந்தபோதுதான் எதிரே மேலே இருந்ததை நன்றாகப் பார்த்தாள்.

"தம்பி, அந்த ஆந்தை என்னையே பாக்குது."

அது உண்மைதான். எகிப்து எழுத்தில் மற்றப் பறவைகள் பக்கவாட்டில் பார்க்கும். ஆந்தை மட்டும் உடம்பை அங்கே வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பி வாசிக்கிறவரையே பார்க்கும். மண்டபத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அது பார்க்கும். ஞானமலர் இரண்டு மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இதை இறக்கினால்தான் தான் ஆராத்தி எடுப்பேன் என்றாள்.

இந்த இடத்தில் பிரபாலினி வாயைத் திறந்தாள். நாத்தனாரைக் கையாள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"அதுவும் நல்லதுக்குத்தான் மச்சாள். நாளைக்கு வாற சனமெல்லாம் பிள்ளையைத்தானே பாக்கப்போகுது? ஆரும் நாவூறு வைச்சால் அதை இந்த ஆந்தை திருப்பிப் பாக்கும். ஒரு பொட்டு மட்டும் வைச்சுவிட்டீங்கள் எண்டால் காணும்."

ஞானமலர் யோசித்தாள். அவளுடைய முகம் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. கைப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்து, ஏணியில் தானே ஏறி, ஆந்தையின் நெற்றியில் ஐந்து சதக் காசளவில் கறுத்தப் பொட்டு ஒன்றை வைத்தாள். கழுகைப் பற்றிக் கேட்பதற்குள், அது கருடன் என்று தபோதரன் சொல்லிவிட்டான். அவள் ஏணியில் நின்றபடியே அதைக் கும்பிட்டாள்.

சனிக்கிழமை வகுப்பு முழுவதும் வந்தது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே மேடையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவன் விரலை நீட்டி முதல் படத்தில் தொடங்கினான். இரண்டாவது படம் வரை போகவில்லை.

ஆந்தையின் தலையில் அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டான். பள்ளிக்கூட அட்டவணையில் உள்ள ஆந்தைக்கு அது கிடையாது. அப்படியென்றால் இது 'ம்' இல்லை, வேறு ஏதோ எழுத்து என்றாள் ஒருத்தி. பிழை விட்டிருக்கிறார்கள் என்றான் இன்னொருவன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. எல்லாரும் கம்சனாவைப் பார்த்தார்கள். முதல்தடவையாகக் கம்சனாவுக்குப் பதில் தெரியவில்லை. ரீச்சர் பொட்டைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சிங்காசனத்தில் முடிசூடி இருந்த மிதுசா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"எங்கடை அப்பாவைக் கேளுங்கோ" என்றாள். "அவருக்குத் தெரியும்."

தபோதரன் கையில் வடைத் தட்டோடு நின்றிருந்தான். இருபதுக்கு மேற்பட்ட முகங்கள் அவன் பக்கம் திரும்பின. ஜெர்மன் மொழியின் டெர், டீ, டாஸ் என்கிற பால் காட்டும் சொற்கள் மூன்றையும் அவன் எப்போதும் ஒன்றாகக் கலந்துதான் பரிமாறுவான். கண் தன்னால் ஒரு உதவியைத் தேடி அலைந்து, வாசலில் இருந்த நிறைகுடத்தில் போய் நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கே போனான்.

"இது என்ன?"

குடம் என்றார்கள், இலை என்றார்கள், தேங்காய் என்றார்கள்.

"தேங்காய்தான். ஆனா இது தேங்காய் எண்டு சொல்லுறதுக்கு இஞ்சை இருக்கேல்லை. 'வாங்கோ, நல்லாய் இருங்கோ' எண்டு சொல்லுது. ஆந்தையும் அப்பிடித்தான். அது ஆந்தையைப் பற்றிக் கதைக்கேல்லை. 'ம்' எண்டு சொல்லுது. ஆனா ஆந்தைக்குக் கீழை ஒரு சின்னக் கோடு போட்டால், அப்ப பகிடி இல்லை, மெய்யான ஆந்தை."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவனுக்குத் துணிவு வந்தது. வாயே திறக்காத படங்களுக்கு அவன் கழிவறைக் கதவைக் காட்டினான். அந்தக் கதவில் ஒரு பெண் படம் இருக்கிறதே, அதை யாராவது சத்தம் போட்டு வாசிப்பார்களா என்று கேட்டான். கழிவறை என்றதும் பிள்ளைகள் உருண்டு பிரண்டு சிரித்தார்கள். வாசிக்கமாட்டோம், ஆனால் யாருக்கு என்று தெரியும் என்றான் கண்ணாடி போட்ட ஒரு சிறுவன். மிதுசாவின் பெயருக்குக் கடைசியில் குந்தியிருக்கிற அம்மா அதற்குத்தான் இருக்கிறா என்றான் தபோதரன். ஞானமலர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பொட்டு?"

தபோதரன் ஆந்தையின் நெற்றியைக் காட்டினான்.

"அதுவும் வாசிக்கிறதில்லை. இது வீட்டாருக்குச் செல்லமான பிள்ளை, கூடாத கண்ணாலை ஒருத்தரும் பாக்கக்கூடாது எண்டு அது சொல்லுது. எகிப்திலை இல்லை. இது நாங்கள் சேர்த்தது."

பிறகு முழு வகுப்பும் ஆந்தையில் தொடங்கிக் கழுகில் முடித்து "மி-து-சா" என்று ஒரே குரலில் வாசித்தது. குந்தியிருந்த பெண் வந்ததும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. தபோதரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சிறீதரன் எல்லாவற்றையும் வீடியோவில் எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கேக்கை யாரும் தேடவில்லை. எல்லாருக்கும் தங்கள் பெயர் வேண்டும், பொட்டோடு வேண்டும். ரோல்ஸ் பரிமாற வைத்திருந்த கடதாசித் தட்டுகளை எடுத்துத் தபோதரனும் கம்சனாவும் எழுதித் தள்ளினார்கள். சிங்கம் 'ல்', தண்ணீர் 'ந்', வாய் 'ர்'. ஞானமலர் மைச்சிமிழோடு பின்னால் வந்து தட்டிலிருந்த பறவைகளுக்கும், கேட்ட பிள்ளைகளின் நெற்றிக்கும் பொட்டு வைத்தாள். கடைசியில் தன் பெயரையும் எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு, தன்னுடையதில் ஆந்தை ஒன்றுதானா என்று குறைப்பட்டாள். டைனோசருக்கு என்ன படம் என்று மிதுசா கேட்டாள். எகிப்தியர் அதைக் கண்டதே இல்லை, அதனால் படமும் இல்லை என்றான் தபோதரன். பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிட்டு, அவள் தன் தட்டில் ஒரு முதலையைக் கீறி அதன் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள்.

எல்லாரும் போனபிறகு தூண்களை வானில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிதுசா முன் இருக்கையில் கிரீடம் சரிய நித்திரையாகிவிட்டாள். தகப்பன் வந்து கூட்டிப்போகும்வரை கம்சனா தன்னுடைய பெயர்த் தட்டோடு வானின் பக்கத்தில் நின்றாள். இந்தக் கிழமை முழுவதும் தன்னை ஆட்டிவைத்த பிள்ளையிடம் தபோதரனுக்கு இப்போது பெரிய அன்பு பிறந்திருந்தது. மயில் வருடம், சிப்பி வருடம், பாரிஸ் கோபுர வருடம் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னான். மகள் கேட்பதும் தன்னிடம் இருப்பதும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வருகிறது, அப்படி ஓர் அதிர்ஷ்டம் எந்தத் தகப்பனுக்குக் கிடைக்கும் என்று கேட்டான்.

கம்சனா வானுக்குள் நித்திரையாகக் கிடந்த சிநேகிதியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"மாமா, அடுத்த பிறந்தநாளுக்கு முதல் கராஜுக்குள்ளை ஒரு டைனோசரைச் செய்து வைப்பீங்களோ? மிதுசா முதலிலை அங்கை போய்ப் பாத்திட்டுத்தானே, தனக்கு என்ன விருப்பம் எண்டு வந்து உங்களுக்குச் சொல்லுறவள்."